பாலபாடத்திலிருந்து ரொறொன்ரோ வகுப்பறை வரை

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஏ.எல். எடுத்ததோடு படிப்பை மூட்டை கட்டி வைத்தவன். இரவில் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறேன், பகலில் நித்திரை கொள்கிறேன். என்னிடம் போய்க் கட்டுரையா என்று நினைத்தேன். ஆனாலும் கடந்த ஆறு மாதமாக ஒரு விஷயம் மனதிலே கிடந்து உழலுகிறது. அதைப் பெற்றோராகிய உங்களோடு பகிர்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியதால் பேனாவை எடுத்தேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். போன ஐப்பசியில் ஒரு நாள் வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவள், கையிலே ஒரு புத்தகத்தோடு ஓடி வந்தாள். வகுப்பிலே ரீச்சர் வாசித்துக் காட்டிய புத்தகமாம். 'ஃபுரொம் ஃபார் அவே' என்று பெயர். போர் நடந்த நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளையின் கதை. பாஷை தெரியாது. கக்கூசுக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாது. ஹலோவீனுக்காகப் பள்ளிக்கூடத்தில் தொங்கவிட்ட எலும்புக்கூட்டைக் கண்டதும், இங்கேயும் ஆட்களைக் கொல்லுகிறார்களோ என்று பயந்து கத்துகிறாள்.

"அப்பா, நீங்களும் வேர் வாறாக்கள்தானே? உங்களுக்கும் பயமா இருந்ததா?"

'வேர்' என்று அவள் சொன்னது வோர், யுத்தம். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பிறகு சொல்லுறன் குஞ்சு, பஸ் வரப்போகுது" என்று அனுப்பிவிட்டேன். அன்று பகல் முழுக்க நித்திரை வரவில்லை. எட்டு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் பேசாத விஷயத்தை ஒரு முப்பது பக்கப் படப் புத்தகம் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டதே என்று யோசித்தேன். சிறுவர் புத்தகத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அது என்ன வேலை செய்தது? அன்றுதான் தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதைத்தான் இங்கே தருகிறேன்.

திண்ணையும் அச்சகமும்

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சிறுவருக்கென்று தனிப் புத்தகம் கிடையாது. ஏடு தொடக்கி, மணலிலே எழுதிப் பழகி, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனப்பாடம் செய்வார்கள். பொருள் பிறகு, வளர்ந்தபின் விளங்கும். முதலில் நாவிலே ஏறவேண்டும். அதுதான் அன்றைய முறை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வரிகள் இன்றைக்கும் எங்கள் வாயிலே நிற்பது அந்த முறையால்தான்.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழையில் தொடங்கி ஊரூராகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. 1834இல் மானிப்பாயில் அச்சகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது மானிப்பாய்ப் பக்கம்தான். ஆனால் இந்தச் செய்தியை நான் அறிந்தது ரொறொன்ரோவிலே! அந்த அச்சகத்திலிருந்து வந்த சிறு புத்தகங்கள் வேதக் கதைகளைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்தன. வாசிக்கப் பழகுவதும் வேதம் பழகுவதும் ஒன்றாகவே நடந்தன.

இதன் பலத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர் ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியாக இருந்தவர். 1848இல் அந்த வேலையை விட்டார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் தொடங்கியாயிற்று, பிள்ளைகள் வாசிக்கப் புத்தகம் எங்கே? 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். 1850ஐ ஒட்டிப் பாலபாடங்கள் வெளிவரத் தொடங்கின.

பாலபாடத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் இப்போதுதான் பார்த்தேன். எழுத்து, சொல், சிறு வசனம் என்று படி ஏறுவதுபோலப் போகிறது. அந்தக் காலத்துப் புலவர்கள் சொல்லோடு சொல்லைப் புணர்த்தி, மூச்சுவிட இடமில்லாமல் எழுதுவார்கள். நாவலரோ சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் போட்டு, பிள்ளை தானாக வாசிக்கும்படி எழுதினார். ஆனால் பாடத்தின் உள்ளே இருப்பது பெரியவர்களின் பாடம். நாலாம் பாலபாடத்தைத் திறந்தால் கடவுள், கொலை, களவு, கள்ளுண்ணல் என்று கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. மிஷனரிமார் எடுத்த ஆயுதத்தையே நாவலரும் எடுத்தார். அந்தப் போராட்டத்தில் நாவலர் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்பது வேறு கதை. என் கேள்வி சின்னது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைக்குப் பாடம் சொன்னார்கள். பிள்ளை சிரிப்பதற்கு யார் எழுதினார்கள்?

தங்கத் தாத்தா

அதற்கு இன்னும் எண்பது தொண்ணூறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1935இல் யாழ்ப்பாணத்தில் 'பிள்ளைப் பாட்டு' என்றொரு தொகுப்பு வெளிவந்தது. கல்விப் பகுதியில் அதிகாரியாக இருந்த க. ச. அருள்நந்தி அவர்களின் முயற்சியில் பிறந்தது அது. கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஆடிப் பாடிப் படிக்கவேண்டும், அதற்கேற்ற பாட்டு வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்காக எழுதியவர்களில் தலையாயவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இல் பிறந்தவர், வட்டுக்கோட்டையில் நீண்ட காலம் தமிழ் படிப்பித்த வாத்தியார். 1953இல் மறைந்தார். அவருடைய சிறுவர் பாடல்கள் 1955இல் 'சிறுவர் செந்தமிழ்' என்ற நூலாக வந்தன. ஊரார் அவரைத் 'தங்கத் தாத்தா' என்று அழைத்தார்கள்.

புலவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பால்காரி ஒருத்தி குடத்தைச் சுமந்துகொண்டு, அதை விற்று இதை வாங்கலாம், இதை விற்று அதை வாங்கலாம் என்று கனவு கண்டுகொண்டு நடந்து, கடைசியில் பாலைக் கொட்டிவிடுகிற கதை உலகமெல்லாம் உள்ளது. ஈசாப்பு கதைகளோடு சேர்த்து வெள்ளைக்காரர் சொல்லுவார்கள். பஞ்சதந்திரத்தில் இதுவே மாப்பானையைப் பார்த்துக் கனவு கண்ட பிராமணனின் கதை. புலவர் அவளுக்குப் பவளக்கொடி என்று பெயர் வைத்து எங்கள் சந்தைக்கு அனுப்பிவிட்டார். பேராசை கூடாது என்ற பாடம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் பிள்ளை முதலில் காண்பது தனக்குத் தெரிந்த ஒழுங்கையையும் தனக்குத் தெரிந்த ஒரு பெட்டையையும். பாடம் பின்னால் தானாக வருகிறது.

கத்தரித் தோட்டத்து வெருளியும் அப்படித்தான். தோட்டக்காரப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் காண்கிற வெருளியை ஒரு கதாநாயகன் ஆக்கிவிட்டார். ஆடிப்பிறப்புப் பாட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கூழையும் கொழுக்கட்டையையும் நினைத்துத் துள்ளுகிற பிள்ளையின் வாயால் பாடினார். அதைப் பாடாமல் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் யார்?

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இலிருந்து அரசாங்கம் பாடப் புத்தகங்களையும் இலவசமாகக் கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையிலும் புத்தகம் வந்தது. நல்ல காரியம். ஆனால் அடுத்த வருஷமே, 1981 மே 31ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் எரிந்தன என்று கணக்குச் சொல்லுவார்கள்.

1995

இனி நான் என் கண்ணால் கண்டதற்கு வருகிறேன்.

1995இல் நான் இரண்டாம் வகுப்பு. அப்போது மின்சாரம் இல்லாமல் ஐந்து வருஷம். ஜாம் போத்தல் விளக்கிலே படிப்போம். பொருளாதாரத் தடை. கொப்பி கிடைப்பதே பெரிய காரியம், கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? எங்கள் ரீச்சரிடமும் புத்தகம் இருக்கவில்லை. அவவுக்குப் புலவரின் பாட்டுக்கள் மனப்பாடம். அவ பாட நாங்கள் பாடுவோம். வெருளிப் பாட்டுக்கு ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் மெலிந்தவன் என்றபடியால் என்னைத்தான் நிறுத்துவா.

அந்த ஆடி மாதம் இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. வலிகாமத்தின் பல பக்கங்களிலிருந்தும் சனம் ஓடிவந்து கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கியது. யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது விமானம் குண்டு போட்டது. தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சனங்கள் செத்துப்போனார்கள். நவாலி எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டோம். அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் விழுந்து படுத்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்கு எட்டாம் நாள் ஆடிப்பிறப்பு. புலவரின் ஊரிலே அந்த வருஷம் கூழ் காய்ச்சியவர்கள் இருந்திருப்பார்களா தெரியாது. எங்கள் வீட்டில் காய்ச்சவில்லை. நானும் பாடவில்லை.

ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால், மழையிலே, இரவிரவாக நடந்தோம். தென்மராட்சியில் ஒரு வளவில் இருந்தோம். அங்கே மாமரத்துக்குக் கீழே ஒரு வாத்தியார் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தார். கரும்பலகை இல்லை. மணலிலே எழுதினோம். நாவலருக்கு முந்திய காலத்துக்கே திரும்பிப் போய்விட்டோம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் பாட்டு கூடவே வந்தது. புத்தகத்தை எரிக்கலாம். பிள்ளையின் வாயில் ஏறினதை எரிக்க முடியாது.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்றால், மகள் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அது முதல் வெளிவந்த ஆண்டு 1995 என்று இருந்தது. அதே ஆண்டு!

இந்த நகரத்தின் கதை

ரொறொன்ரோ சிறுவர் புத்தகத்துக்குப் பேர்பெற்ற ஊர் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 1912இல் லிலியன் ஸ்மித் என்ற அம்மையார் ரொறொன்ரோப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக வந்தார். சிறுவர் நூலகப் பணிக்கென்றே பயிற்சி பெற்று வந்தவர்களில், அன்றைய பிரித்தானியப் பேரரசு முழுவதிலும் அவர்தான் முதல் ஆள். 1922இல் பிள்ளைகளுக்கென்றே தனிக் கட்டடத்தில் ஒரு நூலகம் திறந்தார்கள். பிள்ளைகளை இருத்திக் கதை சொல்லுகிற வழக்கத்தை அவர் நகரமெங்கும் பரப்பினார். பிள்ளைக்குக் கொடுக்கிற புத்தகம் நல்ல புத்தகமாக இருக்கவேண்டும், சும்மா புத்தி சொல்லுகிற புத்தகம் போதாது என்பது அவருடைய கொள்கை.

1949இல் எட்கார் ஓஸ்போர்ன் என்ற ஆங்கிலேய நூலகர் தன்னிடமிருந்த ஏறத்தாழ 2,000 பழைய சிறுவர் புத்தகங்களை இந்த நகரத்துக்குக் கொடுத்தார். கொலிஜ் வீதியில் 1995இல் திறந்த லிலியன் ஸ்மித் நூலகக் கிளையில் அந்தத் தொகுப்பு இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் கையால் எழுதிய ஈசாப்பு கதைகள்கூட அங்கே உண்டு. வாசலில் இரண்டு பெரிய வெண்கல மிருகங்கள் காவல் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

மகள் கொண்டுவந்த புத்தகத்தை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் றொபேட் மன்ஷ், கனடாப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்யும்போது பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கியவர். ஒரு கதையைப் பல தடவை பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லிப் பார்த்து, அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கவனம் சிதறுகிறது என்று கண்டு திருத்திய பிறகுதான் புத்தகம் ஆக்குவாராம். மற்றவர் சவுசான் அஸ்கார். லெபனானில் இருந்து வந்த பிள்ளை. அவள் எழுதிய கடிதத்தில் இருந்துதான் அந்தக் கதை பிறந்தது. அகதியாக வந்த ஒரு பிள்ளையின் சொந்தக் கதை, அவளுடைய பெயரோடேயே, இந்த நாட்டு வகுப்பறைக்குப் போயிருக்கிறது!

எங்கள் சனம் 1983க்குப் பிறகு இங்கே பெருகியது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் மீட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய்மொழி வகுப்புக்களுக்கு ஒன்ராறியோவில் 1977இலேயே வழி பிறந்திருந்தது. கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். 1989இல் சட்டம் இன்னும் இறுகியது. 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் கல்விச்சபை அந்த மொழி வகுப்பை நடத்தியே ஆகவேண்டும் என்று அப்போது வந்தது. இத்தாலியரும் போர்த்துக்கேயரும் சீனரும் நடந்து தேய்த்த பாதையிலே நாங்களும் நடந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்களுக்கு வந்தது இப்படித்தான்.

வெருளி வந்த கதை

என் மகளும் ஒரு தமிழ் வகுப்புக்குப் போகிறாள். போன வருஷம் ஆடிப்பிறப்புப் பாட்டை ஒரு போட்டிக்குப் பாடமாக்கி, பிழையில்லாமல் பாடிப் பரிசும் எடுத்தாள். காரில் வரும்போது கேட்டேன், "பனங்கட்டி எண்டால் என்ன பிள்ளை?" தெரியாது. ஆடிப்பிறப்புக்கு ஏன் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்? தெரியாது. எப்படித் தெரியும்? இந்த நாட்டில் யூலை மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் லீவுதானே! அதற்குள் ஒரு நாள் லீவு கிடைத்தென்ன கிடைக்காவிட்டால் என்ன? பிள்ளையிலும் பிழையில்லை, வகுப்பிலும் பிழையில்லை. பிழை என்னில். வீட்டிலே கூழ் காய்ச்சாமல் பாட்டை மட்டும் கொடுத்தேன்.

ஹலோவீன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் இருத்தி அந்தப் புத்தகத்தை இருவரும் வாசித்தோம். இங்கிலீசை அவள் வாசித்தாள். தமிழில் நான் சொன்னேன். எலும்புக்கூடு வருகிற பக்கத்தில் நிறுத்தி, "ஓம் பிள்ளை, எனக்கும் பயமா இருந்தது" என்றேன். கட்டிலுக்குக் கீழே படுத்ததைச் சொன்னேன். பாலத்தால் நடந்ததைச் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு வயது எட்டு. எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அந்தப் புத்தகமே எனக்கு அளவுகோலாக இருந்தது. கேட்டு முடிய அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உங்கட ரீச்சருக்கு என்ன நடந்தது?" எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

மார்கழியில் வகுப்பு ரீச்சர், வீட்டு மொழியில் ஒரு கதை சொல்ல விரும்பும் பெற்றோர் வரலாம் என்று கடிதம் அனுப்பினா. நான் போகிறேன் என்றதும் மனைவிக்கே ஆச்சரியம். புத்தகத்துக்கு எங்கே போவது? 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் ஈழத்துப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாலபாடத்தைத் தேடிப் பார்த்ததும் அப்படித்தான். வெருளிப் பாட்டைத் தேடி எடுத்தேன். எரிந்த நூலகத்துக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறதே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். சின்னக் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பி நின்று, முப்பது வருஷத்துக்கு முன்னர் நின்றதுபோலக் கையை விரித்துக்கொண்டு பாடினேன். இப்போது நான் மெலிந்தவன் இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னாள். பள்ளிக்கூடத்து வாசலில் நான் தமிழில் கூப்பிட்டால் "இங்கிலீசில கதையுங்கோ அப்பா" என்கிற பிள்ளை அவள். அன்றைக்கு நான் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனபோது, "அப்பா, அதைச் சொல்லேல்ல" என்று பிடித்துத் திருத்தினாள்.

ஒரு சின்னப் பொடியன் கை உயர்த்திக் கேட்டான், குருவிகளுக்கு அது பொய் மனிசன் என்று தெரியாதா என்று. முதல் இரண்டு மூன்று நாளைக்குத் தெரியாது, பிறகு தலையிலேயே வந்து இருக்கும் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அடுத்த கிழமை பழைய பெட்டியில் செய்த வெருளி ஒன்று வகுப்பறை யன்னலில் நின்றதாம். அதன் கழுத்தில் தமிழிலே 'வெருளி' என்று எழுதித் தொங்கவிட்டவள் என் மகள். 'ளி'க்குப் பதில் 'லி' போட்டுவிட்டாள். போகட்டும்.

பெற்றோர்களே, சனிக்கிழமை வகுப்போடு எங்கள் கடமை முடிந்தது என்று இருக்கவேண்டாம். நூலகக் கிளையில் தமிழ்ப் புத்தகத் தட்டு இருந்தால் எடுத்து வாசியுங்கள். எடுக்க ஆளில்லாவிட்டால் தட்டு சுருங்கிப்போகும். பாட்டைக் கொடுக்கும்போது கூழையும் கொடுங்கள். உங்கள் கதையைச் சொல்லப் பயமாக இருந்தால் ஒரு சிறுவர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது கைகொடுக்கும்.

இந்த வருஷம் கைவிசேஷம் கொடுக்கும்போது காசோடு ஒரு புத்தகமும் கொடுப்பதாக இருக்கிறேன். நீங்களும் கொடுத்துப் பாருங்களேன்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்!